பாவாத மலைச் சாரலில் ஓர் எலிப்பல்

நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். மஸ்கெலியாவைத் தாண்டி, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகும் பஸ் கடைசியில் வந்து நிற்கும்போது, எதிரே கூம்பாக எழுந்து நிற்கிறது அந்த மலை. சிங்களச் சகோதரர்கள் ஸ்ரீ பாத என்பார்கள். தமிழர் சிவனொளிபாத மலை என்பார்கள். நம் முன்னோர் பாவாத மலை என்றார்கள். உயரம் 2,243 மீற்றர். டிசம்பர் மாதப் பூரணையிலிருந்து வெசாக் பூரணை வரை இரவெல்லாம் படிகளில் விளக்கு எரியும். மற்ற மாதங்களில் மழையும் அட்டையும்தான்.

ஆதம் (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறங்கிய இடம் இது என்று அரபு வரலாற்றாசிரியர் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். திருக்குர்ஆன் அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தச் செய்தியை நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள் ஏராளம். 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா இந்த மலையில் ஏறினார். பாறையில் தொங்கிய சங்கிலிகளை எழுதினார். அட்டையை எழுதினார். நீண்ட வாலும் ஆண்களுக்குத் தாடியும் உள்ள கறுத்த குரங்குகளை எழுதினார். வழி நெடுகிலும் உள்ள குகைகளைப் பெயர் சொல்லிச் சொல்லி எழுதினார்.

அந்தக் குகை என்ற சொல்தான் சென்ற விடுமுறையில் எங்களை அங்கே இழுத்துச் சென்றது. எங்களை என்றால் நான், என் ராத்தா, ராத்தாவின் மகள். மருமகள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முடித்தவள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். என்ன ஆராய்ச்சி? குகை மண்ணில் கிடக்கும் எலி, அணில் எலும்புகளை இனம் பிரிப்பது. ராத்தா இரவெல்லாம் தூங்கவில்லை. "தம்பி, பெண் பார்க்க வருகிறவர்கள் பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டால், எலி எலும்பு பொறுக்குகிறாள் என்றா சொல்வது? நீதான் மௌலவி, எடுத்துச் சொல்" என்றார். எடுத்துச் சொல்வதற்கு முன், அது என்னவென்று நானும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகப் போனால் கித்துல்கலை வருகிறது. 1957இல் வெளியான ஓர் ஆங்கில யுத்தப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள் என்று எல்லாரும் அந்த ஆற்றைக் காட்டுவார்கள். ஆற்றை விட்டு மறுபக்கம் மேலே ஏறினால் பெலி லென என்ற குகை. குகை என்றால் இருண்ட பொந்து என்று நினைத்துவிடாதீர்கள். பெரும் பாறை ஒன்று தாழ்வாரம் போல முன்னே நீண்டு, அடியில் நனையாத இடம் விட்டிருக்கிறது. மழை வந்தால் நாமும் அங்கேதான் ஒதுங்குவோம். 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கே ஒதுங்கி, அடுப்பு மூட்டி, கல்லில் சின்னஞ்சிறு கத்திகள் செதுக்கி வாழ்ந்திருக்கிறார்கள். 1978 முதல் தொல்பொருள் திணைக்களத்தார் இந்த இடத்தை அடுக்கடுக்காகத் தோண்டிக் கண்டது அது. கணக்கைக் கேட்டதும் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். ஆதிமனிதரின் காலத்துக்கு வேதம் ஆண்டுக் கணக்கு எதையும் கூறவில்லை; அடுப்புக் கரி கூறுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. சிங்களத்தில் லென என்றால் குகை. லேனா என்று நீட்டினால் அணில். குகைக்கும் அணிலுக்கும் உள்ள உறவு அந்த நெடிலில் மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

பாவாத மலையின் மறுபக்கச் சாரலில், குருவிட்டைக்கு அருகே, பட்டதொம்ப லென என்று இன்னொரு குகை உண்டு. 1930களின் இறுதியில் பி. ஈ. பி. தெரணியகலவும், 1980களில் அவருடைய மகன் சிரான் தெரணியகலவும், 2005இல் நிமல் பெரேராவும் அங்கே தோண்டினார்கள். 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வாழ்வு வெளிப்பட்டது. கடலுக்கு எட்டாத அந்தக் காட்டுக்குள் கடற்சிப்பி மணிகள் கிடைத்தன. அள்ளி அள்ளிப் போட்ட நத்தை ஓடுகள் கிடைத்தன. எலும்புகளும் கிடைத்தன. நம் மலைநாட்டு மண் புளிப்பு மண், எலும்பைக் கரைத்துவிடும். அடுப்புச் சாம்பலும் நத்தை ஓடும் சேர்ந்த இடத்தில் அந்தப் புளிப்பு அடங்கும், எலும்பு தங்கும். சமைத்தவர்கள் கொட்டிய குப்பையே அவர்களுடைய சரித்திரத்தைக் காத்தது என்று சொல்லலாம்.

தோண்டிய மண்ணை எறிவதில்லை. அரிதட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். கண்ணிகள் மிக நுண்ணியவை. மண் கரைந்து போகும். கல்லும் எலும்பும் கரியும் விதையும் தங்கும். காயவைத்து வெள்ளைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மருமகள் இதைச் சொன்னதும் ராத்தா, "இது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரித்தானே!" என்றார். மாதிரி என்ன, அதேதான். நோன்பு காலத்தில் கஞ்சிக்கு அரிசி பார்க்கும் உங்கள் கண்ணும் கையும் இந்த வேலைக்கு வந்தால் ஆய்வுகூடங்கள் கைகொட்டி வரவேற்கும், சகோதரிகளே. வித்தியாசம் ஒன்றுண்டு. நீங்கள் கல்லை எறிந்து அரிசியை வைப்பீர்கள். அங்கே எறிவதற்கு ஒன்றுமில்லை. எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று எழுதாமல் எதையும் தட்டிலிருந்து எடுக்கவும் கூடாது.

எலும்பில் எலும்பாக இருக்கும் இவற்றில் எது எலி, எது அணில் என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலும் பல்லை வைத்துத்தான். உடம்பிலேயே மிகக் கடினமானது பல்லின் மேற்பூச்சு. எலும்பு நொறுங்கினாலும் பல் நிற்கும். கொறிக்கும் பிராணிகளுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளி போன்ற முன்பற்கள். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் கடினப் பூச்சு, பின்பக்கம் மென்மை. ஆகவே கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் தேய்ந்து, முன் விளிம்பு தானாகவே கூராகிறது. கூர் தீட்டும் கல் வாய்க்குள்ளேயே இருக்கிறது, சுப்ஹானல்லாஹ்! அந்தப் பற்களுக்குப் பின்னால் கோரைப்பல் கிடையாது, ஒரு வெற்றிடம். அதைத் தாண்டித்தான் கடைவாய்ப் பற்கள். இந்த வெற்றிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலிக் கூட்டத்துக்குக் கடைவாய்ப் பல் பக்கத்துக்கு மூன்று. முன்பற்களோடு மொத்தம் 16. அணிலுக்கு அவற்றின் முன்னே கூடுதலாகவும் பல் உண்டு. தாடையில் பல்லே விழுந்திருந்தாலும் வேர் இருந்த குழிகளை எண்ணிப் பார்த்துச் சொல்லலாம். எலியின் மேல்வாயில் முதல் கடைவாய்ப் பல்லை உருப்பெருக்கியில் பார்த்தால், சின்னச் சின்ன முகடுகள் மூன்று வரிசையாகக் குறுக்கே நிற்கும். பெருச்சாளிக்கு அந்த வரிசைகள் ஒட்டித் தகடு தகடாகத் தெரியும். அணிலின் பல்லோ நடுவில் கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் உயர்ந்து, குறுக்கே மேடு ஓடும். முள்ளம்பன்றியின் பல் தேய்ந்து தட்டையாகி, மேலே நாடாவைச் சுருட்டி வைத்தது போன்ற கோடுகள் காட்டும். வீட்டுச் சுண்டெலியின் மேல் முன்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் நுனிக்குச் சற்று மேலே ஒரு வெட்டு இருக்கும். எலிக்குஞ்சுக்கு அது இராது. பொறியில் விழுந்தது சுண்டெலியா, பெரிய எலியின் குஞ்சா என்று உங்கள் வீட்டில் சண்டை வந்தால் இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பல் தேயத் தேய முகடுகள் அழிந்துபோகும். கிழ எலியின் பல்லும் இளம் எலியின் பல்லும் ஒரே இனத்தில் வேறு வேறாகத் தோன்றும். அதனால்தான் அருங்காட்சியகப் பெட்டிகளில் இன்றைய எலிகளின் மண்டையோடுகளைச் சிறிதும் பெரிதுமாக அடுக்கி வைத்து, குகையில் கிடைத்ததை அவற்றோடு ஒப்பிட்டு, மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அப்படி அளந்ததால் நம் மலைநாட்டுக்கே ஒரு பெருமை கிடைத்தது. பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் 1929இல் ஓஹியாவிலிருந்து ஓர் எலியை எலிப் பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். 1981இல் மஸ்ஸர் என்ற அமெரிக்க அறிஞர், இது அந்தப் பேரினமே இல்லை என்று தனியே பிரித்து, ஸ்ரீலங்காமிஸ் என்று பெயர் வைத்தார். இந்த உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத எலி அது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பாடத்தில் இது புதிதல்ல. எலியை உண்பது விலக்கப்பட்டது. அதன் உறவான யர்பூஉ என்ற பாலைவனத் தாவெலியை ஷாஃபிஈ மத்ஹபில் உண்ணலாம். அரபியில் ஃபஃர் வேறு, ஜுரத் வேறு, குல்த் வேறு, யர்பூஉ வேறு. இமாம் தமீரி தம்முடைய ஹயாத்துல் ஹயவானில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுகிறார். பிராணி எது என்று தெரியாமல் அதன் சட்டத்தைச் சொல்ல முடியாது. இதைக் கேட்ட பிறகு ராத்தாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது போலிருந்தது. நான் அதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

பல்லின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த கேள்வி அதைவிடக் கடினம். இதைக் குகைக்குள் கொண்டுவந்தது யார்? தானே வந்து செத்த எலியா? ஆந்தை பிடித்ததா? மனிதன் தின்றானா? ஆந்தை எலியை முழுதாக விழுங்கி, முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பாறைத் தாழ்வாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆந்தை குடியிருந்தால், அடியில் ஆயிரக்கணக்கான எலிகளின் எலும்பு குவிந்துவிடும். அதை மனிதனின் சாப்பாடு என்று எழுதிவிட்டால் சரித்திரம் பொய்யாகிவிடாதா? பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற அறிஞர் 1990இல் ஆந்தைகள், குகைகள், புதைபடிவங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆந்தையின் வயிற்றில் பல் அதிகம் அரிக்கப்படாது. பருந்தின் வயிற்றில் அதிகம் அரிக்கப்படும். நரி, பூனை போன்றவற்றின் வயிற்றில் இன்னும் மோசம். மனிதன் தின்றிருந்தால் எலும்பில் தீயின் கறுப்பும் கல்லுக்கத்தியின் கீறலும் இருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. ஹதீஸைப் படிக்கும் மாணவன் வாசகத்தை மட்டும் பார்த்தால் போதாது. யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இடையில் ஆள் விடுபட்டிருக்கிறதா என்று ஸனதைப் பார்க்க வேண்டும். எலிப்பல்லுக்கும் ஸனது உண்டு. எந்த அடுக்கு, எந்த வயிறு, எந்த நெருப்பு. அது அறுந்த பல் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் சாட்சிக்கு உதவாது.

அப்படிச் சோதித்துச் சோதித்து என்ன கண்டார்கள்? களுத்துறை மாவட்டம் புளத்சிங்ஹலவுக்கு அருகிலுள்ள பாஹியன் லென என்ற குகையின் எலும்புகளை ஓஷான் வெடகே, நோயல் அமானோ, பற்றிக் ராபர்ட்ஸ் முதலியோர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். இனம் காணப்பட்டவற்றில் நூற்றுக்கு 70க்கும் மேல் குரங்கும் அணிலும். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேட்டை அது. எலும்புகளில் தீயும் கீறலும் இருந்தன, ஆந்தையின் வேலையல்ல. அணில் என்றால் நம் முற்றத்து அணிலைப் போல மலை அணிலும், மர உச்சியில் வாழ்கிற பெரிய அணில், அடங்கும். குரங்கில் முற்ற வளர்ந்தவையே அதிகம். அடுத்த ஆண்டு அதே குகையின் எலும்பு அம்புமுனைகள் 130ஐப் பற்றியும் எழுதினார்கள்.

இதன் கனம் என்னவென்றால், 1980களில் சில மானிடவியல் அறிஞர்கள், விவசாயம் இல்லாமல் மழைக்காட்டில் மனிதன் பிழைத்திருக்கவே முடியாது என்று எழுதினார்கள். மிருகம் மர உச்சியில் ஓடும், கைக்கு எட்டாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தைச் சாய்த்தது பெரிய யானைத் தந்தம் ஒன்றுமில்லை. விரல் நகத்தில் பாதி இருக்கும் பற்கள்.

நம் வீட்டுச் சுண்டெலிக்கும் இப்படி ஒரு சாட்சியம் உண்டு. பலஸ்தீனத்தின் வடக்கே ஹூலா பள்ளத்தாக்கில் ஐன் மல்லாஹா என்ற பழைய குடியிருப்பின் சுண்டெலிப் பற்களை அளந்து 2017இல் எழுதினார்கள். மனிதர் ஓரிடத்தில் நீண்ட காலம் தங்கியபோது வீட்டுச் சுண்டெலி பெருகியது. அலைந்து திரிந்த காலத்தில் காட்டுச் சுண்டெலி அந்த இடத்தைப் பிடித்தது. பயிர் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, 15,000 ஆண்டுகளுக்கு முன்பே, வீடு என்று ஒன்று இருந்ததற்கு எலி சாட்சி. நாம் விரட்டி விரட்டி அடிக்கும் அதுவே, நாம் குடித்தனக்காரர்கள் என்று எழுதிக் கொடுக்கிறது.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை, நோர்வூட் என்று ஏறினோம். இறப்பர் போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்தது என்பது நீங்கள் அறிந்ததே. கோப்பிக்கு ஓர் எலி எதிரி இருந்தது. கோப்பி எலி என்றே அதற்குப் பெயர். காட்டில் நெலு விதை கிடைக்காத காலத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கோப்பிச் செடியின் மொட்டையும் கிளையையும் கத்தரித்துப் போடுமாம். அதன் மேல் முன்பற்களில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு உண்டு. குகை மண்ணில் அந்த ஒரு பல் கிடைத்தாலும் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். குடியேற்ற அரசாங்கத்தின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனன்ற் 1861இல் வெளிவந்த தம்முடைய நூலில் இந்த எலியைப் பற்றி எழுதும்போது, இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் இதைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் விரும்பி உண்பர் என்றும், எலி வரும் தோட்டங்களையே விரும்பித் தேடுவர் என்றும் எழுதுகிறார். விருப்பம் என்று எழுதினார். அந்த மக்களின் சட்டியில் வேறு என்ன இருந்தது என்று எழுதவில்லை. காலால் நடந்து, வழியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பல்லின் கீறலைப் பார்த்து, தின்றார்கள் என்று சொல்லலாம். ஆசையால் தின்றார்களா, பசியால் தின்றார்களா என்பதை எந்த உருப்பெருக்கியும் காட்டாது.

நல்லதண்ணியில் சிறுத்தையைப் புலி என்றே சொல்கிறார்கள். 2020 மே மாதம் இங்கே லக்ஷபான தோட்டப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை பலனளிக்காமல் உடவளவையில் இறந்தது. அது புலியில்லை. ஆனால் நிஜமான வரிப்புலியும் ஒரு காலத்தில் இந்தச் சாரலில் இருந்தது. பட்டதொம்ப லெனவில் கிடைத்த ஒரு விரலெலும்பும் குருவிட்டையில் கிடைத்த ஒரு பல்லும் புலியினுடையவை என்று 2005இல் கெலும் மனமேந்திர ஆராச்சி முதலியோர் காட்டினார்கள். அந்த விரலெலும்புக்கு வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள்.

மறுநாள் காலை மூடுபனி. மலை தெரியவில்லை. தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பழைய கொழுந்து மடுவத்தின் கூரையில் ஆந்தை இருக்கிறது என்று சொல்லி எங்களை அழைத்துப் போனார். அடியில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. மருமகள் கையுறை மாட்டி மூன்றைப் பொறுக்கினாள். தங்கியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு பழைய சிரட்டையில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தாள். முடி கரைந்து பிரிந்தது. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். மண்டையோடு, தாடை, தொடையெலும்பு என்று நெல்மணி அளவில் வரிசை நீண்டது.

ராத்தா முதலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றார். பிறகு ஓரடி வந்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டார்.

"இது எலி, உம்மா. இந்தா, முன்பல்லுக்குப் பிறகு வெற்றிடம்" என்று மருமகள் ஒரு தாடையைக் காட்டினாள். இன்னொன்று, இன்னொன்று என்று நான்கைந்து தாடைகள் அப்படியே வந்தன. ராத்தா தானே ஊசியை வாங்கி அடுத்ததைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மகள், இதில் வெற்றிடம் இல்லையே. பல் எல்லாம் ஊசி ஊசியாகத் தொடர்ந்து வருதே?"

மருமகள் உருப்பெருக்கியைக் குனிந்து வைத்துப் பார்த்தாள். "இது எலியே இல்லை, உம்மா. மூஞ்சூறு. பூச்சி தின்கிற சாதி."

"மூஞ்சூறா? சமையலறை மூலையில் நாறிக்கொண்டு திரியுமே, அதுவா?"

"அதன் இனம்தான். எந்த மூஞ்சூறு என்று அளந்துதான் சொல்லணும்."

"அப்போ அள" என்றார் ராத்தா. அந்தத் தாடையைத் தனியே ஒரு தாளில் மடித்து, பேனாவைக் கேட்டு வாங்கி, நல்லதண்ணி, கொழுந்து மடுவம், இரண்டாவது உருண்டை என்று தன் கையாலேயே எழுதி, திகதி என்ன என்று என்னிடம் கேட்டார்.